இரும்பு மீன், ஆமை, உருளைக்கிழங்கு: நவஹோ சங்கேதம் பற்றி

வாசகர் கேள்வி, 2024 அக்டோபர் 27

"ஜான் கின்செல் என்ற அமெரிக்க நவஹோ பழங்குடி முதியவர் 107 வயதில் காலமானார், இரண்டாம் உலகப் போரில் ரகசியச் செய்தி அனுப்பியவர் என்று செய்தியில் பார்த்தேன். கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்களோ என்று தோன்றுகிறது. அவர்கள் வீட்டில் பேசும் மொழியை ரேடியோவில் பேசினார்கள். எதிரிக்கு அந்த மொழி தெரியாது. அவ்வளவுதானே? நம் ஆட்கள் தமிழில் பேசியிருந்தாலும் ஜப்பான்காரனுக்குப் புரிந்திருக்காது. இதில் சங்கேதம் எங்கே இருக்கிறது?"

2024 அக்டோபர் 27, இரவு

அவ்வளவுதான் என்றால் ஜோ கியோமியாவுக்கு நடந்ததை எப்படி விளக்குவீர்கள்?

அவர் நவஹோ. அமெரிக்கப் படையோடு பிலிப்பைன்ஸில் இருந்தபோது 1942இல் ஜப்பானியரிடம் பிடிபட்டார். ஜப்பானியர் போர்க்கைதிகளைச் சாகச் சாக நடத்திக் கொண்டுபோன பட்டான் மரண நடையில் செத்துப் பிழைத்தார். முக ஜாடையைப் பார்த்து, ஜப்பானிய வம்சத்தில் வந்த அமெரிக்கர் என்று நினைத்து முதலில் அடித்தார்கள். பிறகு அமெரிக்க ரேடியோவில் கேட்கும் புரியாத பேச்சு நவஹோவாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்ததும், அதைக் கேட்டுப் பொருள் சொல்லும்படி அவரையே வதைத்தார்கள். பனியில் உடையில்லாமல் நிற்க வைத்தார்கள். காதில் விழுந்தது அவருடைய தாய்மொழி. சொற்கள் புரிந்தன. செய்தி புரியவில்லை. பறவை, ஆமை, கிழங்கு என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் மறைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

பிறந்ததிலிருந்து அந்த மொழி பேசும் ஒருவருக்கே புரியவில்லை என்றால், அங்கே வீட்டுப் பேச்சுக்கு மேல் ஏதோ இருந்திருக்கிறது. அந்த 'ஏதோ'வைப் பற்றித்தான் எழுத ஆசை. ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் 17 வருடம் வயர்லெஸ் செட்டோடு வாழ்ந்தவன் நான். இந்த விஷயத்தை யாராவது எளிதாகத் தாண்டிப் போனால் எனக்குத் தாங்காது.

2024 அக்டோபர் 28, காலை

இரவில் ஒன்றை விட்டுவிட்டேன். 'தமிழில் பேசியிருந்தாலும் புரிந்திருக்காது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் போரில், அந்தப் பசிபிக் கடலில், தமிழ் ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயா முழுக்க ஜப்பானியர் கையில். அங்கே ரப்பர்த் தோட்டங்களில் லட்சக்கணக்கில் தமிழர்கள். இந்திய தேசிய ராணுவம் ஜப்பானோடு சேர்ந்து நின்றபோது அதில் தோட்டத் தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர். ஜான்சி ராணி படைப்பிரிவில் நம் பெண்கள். ஜப்பானிய அதிகாரி ஒருவர் ரேடியோவில் தமிழைக் கேட்டிருந்தால், பக்கத்து அறையிலிருந்து ஆளைக் கூப்பிட்டுப் பொருள் கேட்டிருப்பார்.

ஆகவே ஒரு மொழி எவ்வளவு கடினம் என்பதைவிட, அதைப் பேசுகிறவர் எதிரியின் கையில் இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. நவஹோவைத் தேர்ந்தெடுத்ததற்கும் இது ஒரு காரணம். 1942 மார்ச்சில், கடல் வழியாக இறங்கிச் சண்டையிடும் அமெரிக்க மரைன் படையின் ஜெனரல் வோகல் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில், கடந்த 20 ஆண்டுகளில் ஜெர்மன் மாணவர்கள் வந்து படித்துவிட்டுப் போகாத ஒரே பழங்குடி நவஹோதான் என்று குறிப்பிட்டிருக்கிறார். போருக்கு முன்பே ஆராய்ச்சி என்ற பெயரில் பல பழங்குடி மொழிகளை வெளிநாட்டார் குறித்துக்கொண்டு போனார்கள் என்ற கவலை அமெரிக்கப் படைக்கு இருந்தது.

அப்படிப் பார்த்துத் தேர்ந்தும், கியோமியா எதிரியிடம் அகப்பட்டுவிட்டார். மொழி என்ற முதல் பூட்டு திறந்துவிட்டது. இரண்டாவது பூட்டு தாங்கியது.

2024 அக்டோபர் 29

அந்த இரண்டாவது பூட்டு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தேன், எழுதி முடிக்க மாலையாகிவிட்டது.

1942இல் மரைன் படையில் முதலில் சேர்ந்த நவஹோ இளைஞர்கள் 29 பேர். பயிற்சி முடிந்ததும் சான் டியேகோ பக்கம் கேம்ப் எலியட்டில் அவர்களை உட்கார வைத்து, ஒரு சங்கேதம் செய்யுங்கள் என்று சொன்னார்கள். நவஹோ மொழியில் டாங்கி, நீர்மூழ்கி, குண்டுவீச்சு விமானம் எதற்கும் சொல் கிடையாது. அவர்கள் தங்கள் ஊரில் பார்த்ததை எடுத்தார்கள். டாங்கி என்றால் ஆமை. நீர்மூழ்கி என்றால் பெஷ்-லோ, இரும்பு மீன். போர்க்கப்பல் திமிங்கலம். நாசகாரிக் கப்பல் சுறா. குண்டுவீச்சு விமானம் ஜே-ஷோ, பிணந்தின்னிக் கழுகு. வேவு விமானம் ஆந்தை. சண்டை விமானத்துக்கு ஹம்மிங்பேர்ட், அந்தரத்தில் நின்று சிறகடிக்குமே அந்தக் குட்டிப் பறவை. விமானம் போடும் குண்டு முட்டை. கையெறி குண்டு நி-மா-சி, உருளைக்கிழங்கு. அமெரிக்காவுக்கு நே-ஹே-மா, 'நம் அம்மா'.

படைப்பிரிவுகளுக்குத் தங்கள் குலங்களின் பெயரையே வைத்தார்கள். டிவிஷன் என்றால் உப்பு, ரெஜிமென்ட் என்றால் நீர்க்கரை, பட்டாலியன் என்றால் செம்மண். எல்லாம் நவஹோ குலப் பெயர்கள். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். குலப் பெயரை அன்னியன் படைக்குச் சூட்டுவது சாதாரண விஷயமா?

இப்படி முதலில் 200க்குச் சற்று அதிகமான சொற்கள். போர் முடியும்போது அது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பட்டியலில் இல்லாத சொல் வந்தால்? ஊர்ப் பெயர், ஆள் பெயர்? அங்கேதான் எழுத்துக் கூட்டல் வருகிறது. ஆங்கில எழுத்து 'ஏ' வேண்டுமானால் 'ஆன்ட்' என்று மனதில் நினைத்து, எறும்புக்கு உரிய நவஹோ சொல்லான வொல்-லா-சீயைச் சொல்ல வேண்டும். 'பி' என்றால் 'பேர்', கரடி, ஷஷ். 'சி' என்றால் 'கேட்', பூனை, மோசி. கேட்பவர் நவஹோ சொல்லை வாங்கி, மனதுக்குள் ஆங்கிலமாக்கி, முதல் எழுத்தை மட்டும் எடுப்பார்.

இவோ ஜிமா என்ற ஜப்பானியத் தீவில் உள்ள சூரிபாச்சி மலையின் பெயர் ரேடியோவில் போனது இப்படித்தான்: செம்மறி, மாமன், கடா, பனிக்கட்டி, கரடி, எறும்பு, பூனை, குதிரை, அரிப்பு. ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ஷீப், அங்கிள், ராம், ஐஸ், பேர், ஆன்ட், கேட், ஹார்ஸ், இட்ச். முதல் எழுத்துகளைச் சேர்த்தால் சூரிபாச்சி. இதில் 'ஐ' இரண்டு முறை வருகிறது. ஒருமுறை பனிக்கட்டி, ஒருமுறை அரிப்பு. அது தற்செயல் இல்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

கியோமியாவின் காதில் விழுந்தது இதுதான். செம்மறி மாமன் கடா பனிக்கட்டி. யாரால் பொருள் சொல்ல முடியும்?

2024 அக்டோபர் 29, இரவு

அந்த 'ஐ' விஷயம். எந்த மொழியிலும் சில எழுத்துகள் அதிகம் வரும். ஆங்கிலத்தில் 'ஈ' (E), 'டி' (T), 'ஏ' (A). ஒரே எழுத்துக்கு எப்போதும் ஒரே சொல் என்றால், பொறுமையாக உட்கார்ந்து எண்ணுகிறவன் ஒருநாள் பிடித்துவிடுவான். குவாடல்கனால் என்ற பசிபிக் தீவின் பெயர் ஒன்றிலேயே ஆங்கிலத்தில் நான்கு 'ஏ'. வொல்-லா-சீ நான்கு முறை ஒலித்தால் காது கூர்மையான எவனும் நிமிர்ந்து உட்காருவான்.

அதனால் பிற்பாடு, அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு மாற்றுச் சொற்கள் சேர்த்தார்கள். 'ஏ'க்கு எறும்பு, ஆப்பிள், கோடாலி மூன்றும். எது வேண்டுமானாலும் சொல்லலாம், பேசுகிறவர் இஷ்டம். 26 எழுத்துக்கு 44 சொற்கள் ஆயின. இது சங்கேத வேலை தெரிந்தவர்கள் செய்கிற காரியம். இதைப் போய் 'வீட்டு மொழியில் பேசினார்கள்' என்று ஒரு வரியில் முடித்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. பட்டியலில் சில சொற்கள் ஆங்கிலச் சிலேடை. புல்டோசருக்கு அவர்கள் வைத்தது 'காளை தூக்கம்'. புல் என்றால் காளை, டோஸ் என்றால் கண்ணயர்வது. டெலிவர் என்ற சொல்லுக்கு 'மான் ஈரல்'. டியர், லிவர்! காளமேகம் கேட்டிருந்தால் கட்டிப் பிடித்திருப்பார். நவஹோ மட்டும் தெரிந்தவருக்கு இது காளை, மான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு வெறும் ஓசை. இரண்டும் தெரிந்து, பட்டியலும் மனப்பாடமாக இருந்தால்தான் திறக்கும்.

2024 அக்டோபர் 30

திருத்தம். நவஹோதான் முதல் என்ற தொனி என் குறிப்புகளில் வந்துவிட்டது. ஒருவர் தனிமடலில் சுட்டிக்காட்டினார், சரியாகவே சொன்னார். முதல் உலகப் போரிலேயே, 1918 அக்டோபரில், பிரான்ஸில் சோக்டா என்ற இன்னொரு அமெரிக்கப் பழங்குடி வீரர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்கப் படையின் தொலைபேசிக் கம்பிகளை ஜெர்மானியர் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முனையிலும் ஒரு சோக்டா வீரரை உட்கார வைத்ததும் ஒட்டுக்கேட்டுப் பயனில்லாமல் போயிற்று.

அவர்களிடமும் சொற்கள் போதவில்லை. பீரங்கிக்குப் 'பெரிய துப்பாக்கி', இயந்திரத் துப்பாக்கிக்கு 'வேகமாகச் சுடும் சின்னத் துப்பாக்கி'. பட்டாலியன்களை ஒரு சோளமணி, இரண்டு சோளமணி, மூன்று சோளமணி என்றார்கள்.

இரண்டாம் போரில் ஐரோப்பாவில் கொமான்சே பழங்குடி வீரர்கள். 1944இல் நார்மண்டியில், யூட்டா கடற்கரையில் இறங்கினார்கள். அவர்களுக்கும் டாங்கி ஆமைதான். இயந்திரத் துப்பாக்கி தையல் மிஷின். குண்டுவீச்சு விமானம் 'கர்ப்பிணி விமானம்'. ஹிட்லருக்குப் 'பைத்தியக்கார வெள்ளையன்'.

இதை எழுதும்போதே எனக்குள் ஒரு மறுயோசனை. சோக்டாக்களிடம் இருந்தது பெரும்பாலும் வெறும் மொழிதான், மேலே சில சொற்கள். அது போதுமானதாகவும் இருந்தது. அப்படியானால் கேள்வி கேட்டவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மொழியே ஒரு பூட்டுதான். ஆனால் சில வாரம் தாங்கும் பூட்டுக்கும், மூன்று வருடம், கடல் முழுக்க, ஆயிரக்கணக்கான செய்திகளுக்குத் தாங்கும் பூட்டுக்கும் வித்தியாசம் உண்டு.

2024 நவம்பர் 2

இரண்டாவது பூட்டுக்கு நம் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. பள்ளியில் படித்ததுதான். குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். பறி நமக்குத் தெரிந்த தமிழ்ச் சொல். கடையில் நின்று கேட்டால் ஏதோ பறிக்கச் சொல்கிறார் என்றுதான் நினைப்போம். கியோமியாவின் நிலை அதேதான்.

என் மாமா மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். வாங்குகிறவருக்கு அடுத்தாற்போல் நிற்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. சின்ன வயதில் ஒருநாள், எந்த விரலுக்கு எவ்வளவு என்று கேட்டேன். 'தொழில் கத்துக்க வந்தா சொல்றேன்' என்றார். நான் பட்டாளத்துக்குப் போய்விட்டேன், கடைசி வரைக்கும் அவர் சொல்லவில்லை. சங்கேதம் என்பது புத்தகத்தில் இருப்பதில்லை, பொறுப்பெடுத்துக்கொண்ட ஆளிடம் இருப்பது என்று எனக்கு முதலில் காட்டியவர் அவர்.

நவஹோக்களும் போர்முனைக்குப் பட்டியலைக் கொண்டுபோகவில்லை. எல்லாம் மனப்பாடம். ஆள் பிடிபட்டாலும் சட்டைப் பையில் ஒன்றும் கிடைக்காது. எழுத்து மிகவும் குறைவாகப் புழங்கிய மொழி அது. கதை, சடங்குப் பாட்டு எல்லாம் காதால் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்ட சமூகம். 400 சொல்லை மனதில் வைப்பது அவர்களுக்கு முடிந்தது என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. குண்டு விழும்போதும் அதை மாறாமல் எடுக்க முடிந்ததுதான் ஆச்சரியம்.

2024 நவம்பர் 5

செட்டில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரகசியத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட வேகம்தான் பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் காலத்தில் ரகசியச் செய்தி வந்தால், எழுத்துக் கூட்டம் கூட்டமாக வரும். பொருளே இல்லாத எழுத்துகள். மழை, காற்று, பக்கத்து அலைவரிசைக்காரன் இரைச்சல் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒவ்வொன்றாக எழுதி, பிறகு திறவுகோலை வைத்துப் பிரிக்க வேண்டும். ஓர் எழுத்து தவறினால் பின்னால் வருவது எல்லாம் குப்பை. திரும்பக் கேட்க வேண்டும். நான்கு வரிச் செய்திக்கு முக்கால் மணி நேரம் போன நாட்கள் உண்டு. அமைதிக் காலத்திலேயே அப்படி.

1942இல் அமெரிக்கரின் சங்கேத இயந்திரத்துக்கும் அந்த வேலைக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மூன்று வரிச் செய்தியை நவஹோ இளைஞர்கள் 20 விநாடியில் அனுப்பி, வாங்கி, ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். கடற்கரையில் படுத்துக்கொண்டு, 'எங்கள் வலப்பக்கம் இயந்திரத் துப்பாக்கி இருக்கிறது' என்று சொல்ல வேண்டியவனுக்கு அரை மணி நேரம் என்பது என்ன? சொல்லி முடிப்பதற்குள் சொன்னவன் இருக்க மாட்டான்.

இவோ ஜிமாவில் முதல் 48 மணி நேரம் ஆறு பேர் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். 800க்கும் மேற்பட்ட செய்திகள், ஒரு பிழை இல்லை. அங்கே ஐந்தாவது டிவிஷனின் சிக்னல் அதிகாரி மேஜர் கானர், நவஹோக்கள் இல்லாவிட்டால் மரைன்கள் அந்தத் தீவைப் பிடித்திருக்கவே முடியாது என்று சொன்னார். 800இல் ஒரு பிழைகூட இல்லை என்ற இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் கை தானாகக் காதுக்குப் போகிறது, ஹெட்போன் இருந்த இடத்துக்கு.

2024 நவம்பர் 6

நேற்று எழுதாமல் விட்ட ஒரு சம்பவம். மலைமேல் ஒரு நிலையில் இருந்தேன். மறுமுனையில் திருநெல்வேலிப் பையன். டீசல் தீரப்போகிறது, எங்கள் ஜெனரேட்டர் விடியும்வரை தாங்காது. ஒழுங்கான முறையில் அனுப்ப நேரம் பிடிக்கும் என்று, 'தம்பி, எண்ணெய் முடிஞ்சு போச்சு, பெரியவர்கிட்ட சொல்லு' என்று தமிழில் சொல்லிவிட்டேன். எங்கள் ஹவில்தார் பாலக்காட்டுக்காரர். என் கையிலிருந்து மைக்கை வாங்கி வைத்தார். 'மலைக்கு அந்தப் பக்கம் தமிழ் தெரிந்தவன் ஒருத்தன் இருக்கமாட்டான் என்று உனக்கு யார் சொன்னது?' என்று கேட்டார். பதில் இல்லை. எனக்கு அப்போது 22 வயது. இந்த இழையில் கேட்கப்பட்ட அதே கேள்விக்கு அன்றே அவர் பதில் சொல்லிவிட்டார்.

2024 நவம்பர் 10

இன்று எழுதப்போவது எனக்குக் கஷ்டமான பகுதி.

செஸ்டர் நெஸ் என்பவர் அந்த முதல் 29 பேரில் கடைசியாக மறைந்தவர், 2014 ஜூனில், 93 வயதில். குவாடல்கனாலில் தொடங்கி பூகன்வில், குவாம், பெலிலியு என்று போனவர். சிறுவனாக இருந்தபோது அரசு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். செஸ்டர் என்ற பெயரே அங்கே வைத்ததுதான். நவஹோவில் ஒரு சொல் பேசினால் துணி துவைக்கும் சோப்பைக் கொண்டு வாயைத் தேய்ப்பார்கள். அவருக்கு மட்டுமல்ல, அந்தத் தலைமுறைக்கே அதுதான். ஆங்கிலம் மட்டும் பேசு, உன் மொழி வேண்டாம்.

பிறகு ஒருநாள் அதே அரசாங்கத்தின் படை, அதே மாதிரிப் பள்ளிகளுக்கு வந்து, நவஹோவும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த பையன்கள் வேண்டும் என்று கேட்டது. சோப்புக்குப் பயந்து கைவிடாமல், இரவில் போர்வைக்குள் தங்களுக்குள் பேசிக் காப்பாற்றிய மொழி. வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்களும் உண்டு.

என் பேத்தி படித்த பள்ளியில் வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம். ஒரு வாக்கியத்துக்கு ஐந்து ரூபாய். ஒருநாள் வந்து, 'தாத்தா, இன்னிக்குப் பதினைந்து ரூபாய்க்குப் பேசிட்டேன்' என்றாள். நெஸ்ஸைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பதினைந்து ரூபாய் நினைவுக்கு வருகிறது.

2024 நவம்பர் 11

நேற்று எழுதிய கடைசிப் பத்தி மனதை உறுத்துகிறது. அழிக்கமாட்டேன், ஆனால் சரிப்படுத்த வேண்டும். ஐந்து ரூபாய் அபராதமும் வாயில் சோப்பும் ஒன்றல்ல. என் பேத்தி மாலையில் வீட்டுக்கு வந்து தமிழில் சண்டை போட்டாள். அந்தக் குழந்தைகள் மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்கவில்லை. தலைமுடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் 1864இல் சொந்த மண்ணிலிருந்து துப்பாக்கி முனையில் நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுபோகப்பட்டவர்கள். நவஹோக்கள் அதை நெடுநடை என்கிறார்கள். 1868இல் ஒப்பந்தம் போட்டபிறகுதான் திரும்பி வர முடிந்தது. 1930களில் புல்வெளி தேய்கிறது என்று சொல்லி அரசாங்கம் அவர்களுடைய ஆடுகளைக் கொன்று குவித்தது. ஆட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்கள். நெஸ்ஸின் குடும்பமும் அதில் ஒன்று.

இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் அமெரிக்காவுக்கு வைத்த சங்கேதப் பெயர் 'நம் அம்மா'. இதை நான் எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது என் எண்ணம் இது: அவர்கள் அரசாங்கத்தை நினைத்து அந்தப் பெயரை வைத்திருக்கமாட்டார்கள். நவஹோக்கள் புனிதமாகக் கருதும் நான்கு மலைகளுக்கு நடுவில் உள்ள தங்கள் மண்ணை நினைத்திருப்பார்கள். இது என் ஊகம்.

2024 நவம்பர் 17

இரண்டு விஷயம்.

ஒன்று, பிலிப் ஜான்ஸ்டனை ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். யோசனை அவருடையதுதான். பாதிரியாரின் மகன், நவஹோ நிலத்தில் வளர்ந்தவர், லாஸ் ஏஞ்சல்ஸில் பொறியாளர். 1942 தொடக்கத்தில் மரைன் அதிகாரிகளைப் பார்த்துப் பேசி, நவஹோக்களை அழைத்துவந்து செய்து காட்டியவர். மதிப்புக் குறையாமல் சொல்கிறேன், சங்கேதத்தைச் செய்தவர் அவர் அல்ல. அதைச் செய்தவர்கள் அந்த 29 பேர். பல கட்டுரைகளில் வெள்ளைக்காரரின் யோசனை பெரிதாகவும், பையன்களின் உழைப்பு 'அபூர்வ மொழி' என்ற இரண்டு சொல்லாகவும் சுருங்கிப்போகிறது. மொழி தானாக ஒன்றும் செய்யவில்லை. அதை வைத்து யோசித்தவர்கள் செய்தார்கள். பிற்பாடு சுமார் 400 பேர் அதைக் கற்று மூன்று ஆண்டு தாங்கினார்கள்.

இரண்டு, ஒரு பதிலில் நான் 'குடியுரிமைகூட இல்லாதவர்கள்' என்று எழுதினேன். தவறு. 1924 சட்டத்தால் குடியுரிமை கிடைத்திருந்தது. ஓட்டுரிமைதான் இல்லை. அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் 1948இல் வழக்காடித்தான் அது வந்தது. போர் முடிந்து மூன்று வருடம் கழித்து.

2024 நவம்பர் 18

சின்னக் குறிப்பு. நாடுகளுக்கு அவர்கள் வைத்த பெயர்களைத் தேடிப் பார்த்தேன். பிரிட்டன் 'நீருக்கு நடுவில்'. ஜெர்மனி 'இரும்புத் தொப்பி'. பிலிப்பைன்ஸ் 'மிதக்கும் தீவு'. இந்தியாவுக்கு 'வெள்ளை உடுப்பு'.

நம்மை ஒருமுறைகூடப் பார்த்திராத பையன்கள், பாலைவனத்தில் வளர்ந்தவர்கள், வெள்ளை வேட்டியை எங்கோ படத்தில் பார்த்திருப்பார்கள் போல. அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

2024 டிசம்பர் 8

திரும்பி வந்தபிறகு என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று கட்டளை. சங்கேதம் மறுபடி தேவைப்படலாம் என்று ரகசியமாகவே வைத்தார்கள். 1968இல்தான் விலக்கினார்கள். 23 வருடம் அப்பா அம்மாவிடம், மனைவியிடம் வாயைத் திறக்கவில்லை. ஊரில் கேட்டால், 'போருக்குப் போயிருந்தேன்' என்பதோடு சரி.

நெஸ்ஸுக்கு இரவுகளில் கொல்லப்பட்ட ஜப்பானியர் கனவில் வந்துகொண்டே இருந்தார்கள். குடும்பம் அவருக்கு 'எதிரி வழி' என்ற சடங்கைச் செய்தது. போரிலிருந்து வந்தவனைப் பிடித்திருக்கும் எதிரியின் ஆவியிலிருந்து விடுவித்து மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவரும் சடங்கு, பல நாள் நடப்பது. எங்களோடு பட்டாளத்திலிருந்து வந்த சிலருக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று நினைத்தேன். மேலே எழுதவில்லை.

2001 ஜூலையில் முதல் 29 பேருக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். விழாவுக்கு வர முடிந்தவர்கள் நான்கு பேர். சோக்டா, கொமான்சே உட்பட 33 பழங்குடிகளுக்கு 2013 நவம்பரில். சோக்டாக்களைப் பொறுத்தவரை 95 வருடம்.

2024இல் கின்செல் போனபோது மீதி இருந்தவர்கள் இரண்டு பேர், பீட்டர் மெக்டொனால்டும் தாமஸ் பெகேயும்.

2025 மார்ச் 21

இழையை மறுபடி திறக்கிறேன். அமெரிக்க ராணுவத்தின் இணையதளங்களிலிருந்து நவஹோ சங்கேத வீரர்களைப் பற்றிய பக்கங்கள் காணாமல் போயின என்று இந்த வாரம் செய்தி. பன்முகத்தன்மை தொடர்பான பக்கங்களை நீக்கும் வேலையில் இவையும் போய்விட்டனவாம். நவஹோ மக்கள் குரல் எழுப்பியதும் திருப்பி வைத்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. முதலில் வாயில் சோப்பு. பிறகு 23 வருடம் பேசாதே. இப்போது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். திருப்பி வைத்தது நல்லது. இருந்தாலும் நான் அந்தச் சொற்பட்டியல் முழுவதையும் ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்துக்கொண்டேன்.

2025 ஏப்ரல் 6

அரிசோனாவில் வேலை பார்க்கும் ஒருவர் இந்த இழையைப் படித்துவிட்டு விண்டோ ராக் போயிருக்கிறார். நவஹோ தலைநகரம். நடுவில் பெரிய ஓட்டை விழுந்த செம்பாறை, அதன் அடியில் ரேடியோவோடு மண்டியிட்ட சங்கேத வீரரின் சிலை. படம் அனுப்பினார். கூடவே ஒரு திருத்தம்: இரும்பு மீனுக்கு நான் எழுதிய 'பெஷ்-லோ' தவறு, அந்த 'லோ'வில் இருப்பது நம் ல, ள, ழ எதுவுமே இல்லை என்றார்.

ழகரம் இருக்கும்போது நமக்கு எந்த ஒலி கஷ்டம் என்று நினைத்திருந்தேன். நாக்கை 'ல' சொல்லும் இடத்திலேயே வைத்து, குரல் எழுப்பாமல், காற்றை மட்டும் நாக்கின் இரண்டு ஓரத்திலும் விட வேண்டுமாம். மூன்று நாளாக மாடியில் உட்கார்ந்து பழகுகிறேன். 'பாம்பு வந்திருக்கு தாத்தா' என்று பேத்தி முதல் நாள் கீழே இருந்து கத்தினாள். இப்போது அவளும் பழகுகிறாள். எனக்கு இன்னும் வரவில்லை. அவளுக்கு நேற்று மாலை ஒருமுறை வந்தது.